‘ஜங்க்’ என்றால் குப்பையா?

பெரும்பாலான வீடுகளில் அப்படி ஓர் இழுப்பறை இருக்கும். திறந்து பார்த்தால், எந்தப் பூட்டுக்கு உரியவை என்று வீட்டில் யாருக்கும் தெரியாத இரண்டு சாவிகள், மை உலர்ந்த பேனா, எப்போதோ பழுதாகிப்போன கைப்பேசியின் சார்ஜர், இறுகிப்போன ரப்பர் வளையங்கள், தீர்ந்ததா இல்லையா என்று தெரியாத ஒற்றை பேட்டரி, எதிலிருந்தோ கழன்று விழுந்த ஒரு திருகாணி எனக் கலந்து கிடக்கும். இவற்றில் எதுவும் இன்று தேவைப்படவில்லை. ஆனாலும் தூக்கி எறியக் கை வருவதில்லை. ஆங்கிலத்தில் இந்த இழுப்பறைக்கு ‘ஜங்க் டிராயர்’ என்று பெயர். அதே பொருளில் ‘கார்பேஜ் டிராயர்’ என்றோ ‘வேஸ்ட் டிராயர்’ என்றோ ஆங்கிலம் பேசுவோர் சொல்வதில்லை.

‘ஜங்க்’ என்ற சொல்லுக்கு ஆங்கிலத் தமிழ் அகராதிகளில் ‘குப்பை’, ‘கழிவு’, ‘பயனற்ற பொருள்’ என்று பொருள் தரப்பட்டிருக்கும். அதில் தவறில்லை, ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு இச்சொல்லைக் கையாண்டால் பாதி இடங்களில் இடறும். தேவையற்றது என்பதோடு, தேவையற்றதாக இருந்தும் இன்னும் நம் கைவசம் இருப்பது என்ற குறிப்பும் இச்சொல்லுக்குள் இருக்கிறது. அந்தக் குறிப்பு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், இன்று இச்சொல் பயிலும் பல துறைகளின் வழக்கும் தெளிவாகும்.

பழைய கயிறு

இடைக்கால ஆங்கிலத்தில் ‘ஜங்க்’ என்பது மாலுமிகளின் சொல். கப்பலில் பயன்படுத்தித் தேய்ந்துபோன பழைய வடக்கயிற்றையும் அதன் துண்டுகளையும் அவர்கள் அப்படி அழைத்தார்கள். இது பழைய பிரெஞ்சு வழியாக, கோரைப்புல்லைக் குறிக்கும் ‘யுங்குஸ்’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்று சொல்லாய்வாளர்கள் கருதுகிறார்கள்; கோரையைத் திரித்துக் கயிறு செய்வதுண்டு என்பதால் பொருள் பொருந்துகிறது. ஆயினும் அவர்களே அதை ஐயத்தோடுதான் சொல்கிறார்கள்.

சொல்லின் பிறப்பைவிட அந்தக் கயிறு என்ன ஆனது என்பதுதான் நமக்கு முக்கியம். பாய்மரக் கப்பலில் பாய், நங்கூரம், சரக்கு என எல்லாமே கயிற்றை நம்பியிருந்தன. உப்புநீரிலும் வெயிலிலும் கிடந்து நைந்த வடம் நங்கூரத்தைத் தாங்காது. அந்த வேலைக்கு அது உதவாது. ஆனால் அதைக் கடலில் வீசிவிடவில்லை. துண்டுதுண்டாக வெட்டி வைத்துக்கொண்டார்கள். அந்தத் துண்டுகளைக் கொண்டு, கப்பலின் பக்கங்கள் துறைமேடையில் உராயாமலிருக்கக் கட்டித் தொங்கவிடும் அணைகளையும் கால்மிதிகளையும் பின்னினார்கள். எஞ்சியதைப் புரி புரியாகப் பிரித்து, நாராக்கி, பலகைகளுக்கு இடையிலுள்ள இடுக்குகளில் திணித்து, மேலே தார் பூசினார்கள். கப்பலுக்குள் நீர் புகாமல் தடுத்தது அந்தப் பழங்கயிற்று நார்தான். தார் ஏறி இறுகிய கயிற்றை விரல்களால் பிரிப்பது நகம் பெயரும் வேலை. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சிறைக்கைதிகளுக்கும் ஏழைகள் விடுதியில் அடைக்கலம் புகுந்தவர்களுக்கும் அதையே வேலையாகக் கொடுத்தார்கள்.

ஆகவே ‘ஜங்க்’ என்பது தொடக்கத்திலேயே, செய்துவந்த வேலையை இழந்த, ஆனால் வேறு ஏதாவது ஒன்றுக்கு ஆகும் என்று எடுத்து வைக்கப்பட்ட பொருளாக இருந்தது. பின்னர் இச்சொல் கயிற்றை விட்டுக் கப்பலின் பிற பழைய சாமான்களுக்குப் பரவியது. துறைமுகங்களில் அவற்றை வாங்கி விற்ற கடைகளோடு கரையேறிய சொல், 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் எந்தப் பழைய பொருளையும் குறிக்கும் பொதுச்சொல்லாகிவிட்டது.

கப்பலிலேயே இச்சொல்லுக்கு இன்னொரு பொருளும் முளைத்தது. நெடும்பயணங்களில் மாலுமிகளுக்கு அளித்த, உப்பிட்டுப் பதப்படுத்திய மாட்டிறைச்சி மாதக்கணக்கில் பீப்பாயில் கிடந்து மெல்ல முடியாதபடி இறுகியிருக்கும். அதைப் பழங்கயிற்றோடு ஒப்பிட்டு, 18ஆம் நூற்றாண்டு மாலுமிகள் ‘சால்ட் ஜங்க்’ என்று கேலியாக அழைத்தார்கள். இங்கே பழையது என்பதைவிட மட்டமானது என்ற வசவே முன்னிற்கிறது. இன்று இச்சொல்லுக்கு இருக்கும் இரண்டு முகங்களும் இவ்வாறு கப்பலிலேயே உருவாகிவிட்டன: ஒன்று, வேலை போய்க் கிடப்பில் இருப்பது, மற்றொன்று, தரங்கெட்டது. ஒரு தொடரில் ‘ஜங்க்’ வந்தால் இந்த இரண்டில் எந்த முகம் பேசுகிறது என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. மொழிபெயர்ப்புப் பிழைகளில் பெரும்பாலானவை அந்தக் கேள்வியைக் கேட்காததால் வருபவை.

தமிழின் ‘குப்பை’யும் இப்படி இடம்பெயர்ந்த சொல்தான். பழந்தமிழில் அதற்குக் குவியல் என்றே பொருள். நெற்குப்பை என்றால் குவித்து வைத்த நெல். குவிந்து கிடப்பது என்ற பொருளிலிருந்து கூட்டிக் குவித்த தூசு என்ற பொருளுக்கு அது நகர்ந்தது. ஆங்கிலச் சொல் கயிற்றிலிருந்து கிளம்பியது, தமிழ்ச் சொல் குவியலிலிருந்து கிளம்பியது. இரண்டும் ஓரிடத்தில் சந்தித்துக்கொண்டாலும் நடந்து வந்த வழியின் சாயல் இரண்டிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பெயர் மட்டும் ஒன்றான கப்பல்

குழப்பத்துக்கு இடம் தரும் இன்னொரு ‘ஜங்க்’ உண்டு. சீனப் பாய்மரக் கப்பலுக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர், அதே எழுத்து, அதே ஒலிப்பு. பாயின் குறுக்கே மூங்கில் சட்டங்கள் வரிசையாக ஓடுவதால் விசிறிபோலத் தோன்றும் அந்தப் பாயையும், கப்பலின் அடிப்பகுதியைத் தடுப்புச் சுவர்களால் அறைகளாகப் பிரித்திருப்பதையும் கொண்டு இக்கப்பலை அடையாளம் காணலாம். இப்பெயர் மலாய், சாவக மொழிகளில் கப்பலைக் குறிக்கும் ‘ஜோங்’ என்ற சொல்லிலிருந்து, போர்த்துக்கீசியர் வாயில் ‘ஜுங்கோ’ ஆகி, ஆங்கிலத்துக்கு வந்தது. பழங்கயிற்றோடு இதற்கு உறவு எதுவும் இல்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு: போர்த்துக்கீசிய மொழியில் ‘ஜுங்கோ’ என்றால் கோரைப்புல் என்றும் பொருள். மரபு வேறான இரண்டு சொற்கள் அங்கேயும் ஒரே உருவில் நிற்கின்றன.

கயிறும் கப்பலும் ஒரே சொல்லில் மோதிக்கொள்ளாமல் ஆங்கில இலக்கணம் பார்த்துக்கொள்கிறது. வேண்டாத பொருள் என்ற பொருளில் ‘ஜங்க்’ எண்ணக்கூடாத பெயர். மணல், தண்ணீர் போல அதற்கு ஒருமை பன்மை இல்லை; முன்னால் ‘எ’ சேர்வதில்லை, பின்னால் ‘ஸ்’ சேர்வதில்லை. ‘எ ஜங்க்’ என்று எழுதினால் ஆங்கிலம் அறிந்தவர் கண்ணில் ஒரு சீனக் கப்பல் தோன்றும். ‘ஜங்க்ஸ்’ என்றால் பல கப்பல்கள். “என் அறையில் நிறைய ஜங்க்ஸ் இருக்கிறது” என்ற கருத்தில் நம்மவர்கள் ஆங்கிலத்தில் எழுதும் தொடர், கப்பல்படை ஒன்று அறைக்குள் நங்கூரமிட்டிருப்பதாகச் சொல்லும் தொடராகிவிடும். எண்ணிச் சொல்ல வேண்டுமானால் ‘எ பீஸ் ஆஃப் ஜங்க்’ என்றும், அளவைச் சொல்ல வேண்டுமானால் ‘எ லாட் ஆஃப் ஜங்க்’ என்றும் எழுத வேண்டும். ஓயாமல் பழுதாகும் இயந்திரத்தைப் பார்த்து எரிச்சலோடு சொல்வதும் ‘பீஸ் ஆஃப் ஜங்க்’ என்றுதான். அங்கே பேசுவது இரண்டாவது முகம்.

உச்சரிப்பிலும் ஒரு சிறு கவனம் தேவை. தமிழில் ஙகர மெய்யை அடுத்து வரும் ககரம் மெலிந்து ஒலிக்கும். ‘சங்கு’, ‘பங்கு’ ஆகியவற்றைச் சொல்லிப் பார்த்தால் தெரியும். அந்தப் பழக்கத்தில் ‘ஜங்க்’ என்பதையும் மெலிய ஒலிக்கிறோம். ஆங்கிலத்தில் அது ‘பக்கம்’ என்பதில் வரும் வல்லொலி. சொல்லை அந்த ஒலியோடு வெட்டினாற்போல நிறுத்த வேண்டும்.

இச்சொல் வினையாகவும் வரும். ஒரு திட்டத்தை, பழைய வண்டியை, யோசனையை ‘ஜங்க்’ செய்தார்கள் என்றால் வேண்டாம் என்று கைவிட்டார்கள் என்று பொருள். இடத்தைச் சிக்கனப்படுத்தும் ஆங்கில நாளிதழ்த் தலைப்புகளில், நீதிமன்றம் ஒரு மனுவை ‘ஜங்க்ஸ்’ என்று வருவதைப் பார்க்கலாம். அங்கே ‘ஸ்’ பன்மை விகுதி அன்று, நிகழ்கால வினை விகுதி. தமிழில் ‘தள்ளுபடி செய்தது’ என்பதே அதற்கு நேரான சொல். பேச்சு வழக்கில் ‘ஜங்க்’ ஆண்குறியைக் குறிக்கும் கொச்சையாகவும் அமெரிக்காவில் வழங்குகிறது என்பதால், ‘என்னுடைய ஜங்க்’ என்று பொருள்படும் தொடரை அயலாரிடம் பேசும்போது தவிர்ப்பது நலம்.

அண்டைச் சொற்கள்

வேண்டாத பொருளுக்கு ஆங்கிலத்தில் சொற்கள் ஏராளம். அவற்றை ஒவ்வொன்றாக இலக்கணப்படுத்துவதைவிட, ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அதன் நிலை மாறும்போது பெயர் எப்படி மாறுகிறது என்று பார்ப்பது எளிது. ஒரு பழைய மிதிவண்டியை வைத்துக்கொள்வோம். சங்கிலி அறுந்து, டயர் வெடித்து, மாடிப்படியின் அடியில் இரண்டு ஆண்டுகளாகச் சாய்ந்து கிடக்கிறது. அப்போது அது ‘ஜங்க்’. அதுவும் அதைப் போன்ற வேறு பொருள்களும் சேர்ந்து நடக்கவே வழியில்லாமல் அடைத்துக்கொண்டால் அந்த அடைசல் நிலைக்கு ‘கிளட்டர்’ என்று பெயர். அதில் நல்ல பொருள்களும் இருக்கலாம், குறை ஒழுங்கில்தான். உலோகத்தை உருக்கிப் பயன்படுத்தலாம் என்று எடைக்குப் போட்டால் ‘ஸ்கிராப்’. அதற்கு விலை உண்டு. யாருக்கும் வேண்டாம் என்று குப்பைத்தொட்டியில் சேர்த்துவிட்டால் அமெரிக்கர் ‘டிராஷ்’ என்பார், ஆங்கிலேயர் ‘ரப்பிஷ்’ என்பார். இரவோடு இரவாகச் சாலையோரத்தில் தள்ளிவிட்டுப் போனால் அது பொது இடத்தைக் கெடுத்த குற்றம். இதே குற்றம் காகிதம், பாட்டில் போன்ற சிறு பொருள்களில் நடந்தால் அவற்றுக்கு ‘லிட்டர்’ என்று பெயர். மிதிவண்டி மாறவே இல்லை. அது இருக்கும் இடமும் அதன்மேல் நாம் எடுத்த முடிவுமே பெயரை மாற்றின.

‘கார்பேஜ்’ மட்டும் இந்த மிதிவண்டிக்குப் பொருந்தி வராது. அச்சொல் சமையலறையில் பிறந்தது; இடைக்கால ஆங்கிலத்தில் கோழி முதலியவற்றின் குடல், ஈரல் போன்ற உள்ளுறுப்புகளை அது குறித்தது. இன்றும் அழுகக்கூடிய, நாற்றமடிக்கும் ஈரக்கழிவின் சாயல் அதில் மிகுதி. ‘வேஸ்ட்’ என்பது ஆலைக்கழிவு முதல் வீணான நேரம் வரை எல்லாவற்றையும் தழுவும் பொதுச்சொல். தமிழின் ‘கழிவு’, ‘வீண்’ இரண்டையும் அது ஒன்றாகச் சுமக்கிறது.

தமிழில் முதல் முகத்துக்கு மிக நெருங்கி வருவது ‘ஓட்டை உடைசல்’ என்ற இணைச்சொல் என்பது என் எண்ணம். ஓட்டையும் உடைசலுமாக இருந்தும் வீட்டைவிட்டுப் போகாதவற்றைத்தான் அப்படிச் சொல்கிறோம். பரணில் கிடப்பவை பெரும்பாலும் அவைதாம். ‘தட்டுமுட்டுச் சாமான்’ என்பதைச் சிலர் இதற்கு இணையாக எழுதுகிறார்கள். ஆனால் அது புழக்கத்திலுள்ள சில்லறைப் பாத்திரம் பண்டங்களையும் குறிப்பதால் சற்றே விலகி நிற்கிறது. ‘குப்பைகூளம்’ என்றால் பெருக்கித் தள்ளவேண்டியவை. அது ‘டிராஷ்’ பக்கம் சாயும். ‘ஜங்க் ஷாப்’ என்பதற்கு நம்மிடம் ‘காயலான் கடை’ என்ற உயிருள்ள சொல்லே இருக்கிறது; புதிதாக ஒன்றைச் செய்யவேண்டியதில்லை.

தீர்ப்பாக வரும்போது

பெயருக்கு முன்னால் அடையாக வரும்போது ‘ஜங்க்’ பெரும்பாலும் தன் இரண்டாவது முகத்தைக் காட்டுகிறது. எல்லாருக்கும் தெரிந்தது ‘ஜங்க் ஃபுட்’. 1970களில் இத்தொடர் பெருவழக்குக்கு வந்தது. சர்க்கரையும் கொழுப்பும் உப்பும் மிகுந்து, உடலுக்கு வேண்டிய புரதமும் நார்ச்சத்தும் வைட்டமின்களும் குறைந்த உணவு என்பது இதன் பொருள். இதை ‘ஃபாஸ்ட் ஃபுட்’ என்பதோடு சேர்த்துக் குழப்பக்கூடாது. அது பரிமாறும் வேகத்தைச் சொல்லும் பெயர். இது சத்தின்மையைச் சொல்லும் பெயர். வேகமாகக் கிடைக்கும் பழக்கலவை ‘ஃபாஸ்ட்’ ஆகும், ஆனால் ‘ஜங்க்’ ஆகாது. வீட்டில் மூன்று மணிநேரம் செலவிட்டுச் செய்த இனிப்பு ‘ஜங்க்’ ஆகலாம். தமிழில் ‘நொறுக்குத்தீனி’ என்று மொழிபெயர்ப்பவர்கள் உண்டு. அது தின்னும் விதத்தைச் சொல்லும் சொல். ஒரு கைப்பிடி வறுத்த கடலையும் நொறுக்குத்தீனிதான், ஆனால் அதை ‘ஜங்க்’ என்று யாரும் சொல்லமாட்டார்கள். ‘சத்தற்ற உணவு’ என்பது அழகில்லாத தொடர் என்றாலும் பொருள் வழுவாதது.

‘ஜங்க்’ என்பது அளவன்று, தீர்ப்பு என்பதற்குச் சட்டங்களே சான்று. சிலி நாடு 2016இல் உணவுப்பொட்டலங்களின்மீது கறுப்பு எண்கோண முத்திரைகளைக் கட்டாயமாக்கியபோது, அம்முத்திரைகளில் ‘சர்க்கரை மிகுதி’, ‘சோடியம் மிகுதி’, ‘நிறைகொழுப்பு மிகுதி’, ‘கலோரி மிகுதி’ என்றுதான் அச்சிடச் செய்தது. செய்தித்தாள் எழுதுபவர் ஒரே சொல்லில் முடித்துவிடலாம். சட்டம் எழுதுபவர் இத்தனை கிராமுக்கு இவ்வளவு என்று எண்ணிக் காட்ட வேண்டும்.

‘ஜங்க் மெயில்’ 1950களிலிருந்தே அமெரிக்கக் கடிதப்பெட்டிகளில் நாம் கேட்காமல் வந்து விழும் விளம்பரத் தாள்களுக்குப் பெயர். மின்னஞ்சல் வந்தபோது பெயரும் உடன் வந்தது. அவுட்லுக்கிலும் ஆப்பிள் மெயிலிலும் அத்தகைய அஞ்சல் சேரும் இடத்துக்கு ‘ஜங்க்’ என்று பெயர், ஜிமெயிலில் ‘ஸ்பேம்’. நடைமுறையில் இரண்டும் ஒன்றாகவே வழங்கினாலும், ‘ஸ்பேம்’ என்பதில் கோடிக்கணக்கில் கண்மூடித்தனமாக அனுப்பப்படுவது என்ற குறிப்பு கூடுதல். இந்த அஞ்சல்கூட ‘ஜங்க்’ என்ற பெயருக்கு உண்மையாகவே இருக்கிறது: உடனே அழிக்கப்படுவதில்லை, தனியே ஒதுக்கி வைக்கப்படுகிறது. ஜிமெயில் அதை 30 நாள்கள் வைத்திருந்து பிறகே அழிக்கிறது. வேலைக்கான அழைப்பு அங்கே போய் மாட்டிக்கொண்ட அனுபவம் உள்ளவர்களுக்கு அந்த 30 நாள்களின் அருமை தெரியும்.

நிதித்துறையில் ‘ஜங்க் பாண்ட்’ என்பது கடன்பத்திரம். நிறுவனமோ அரசோ கடன் வாங்கும்போது, திருப்பித் தரும் வலிமையைத் தரமதிப்பீட்டு நிறுவனங்கள் எழுத்துகளால் மதிப்பிடும். எஸ் அண்ட் பி நிறுவனத்தின் அளவுகோலில் ‘பிபிபி மைனஸ்’ வரை முதலீட்டுத் தரம். அதற்கு ஒரு படி கீழே ‘பிபி பிளஸ்’ வந்துவிட்டால் ‘ஜங்க்’. கடன் திரும்பாமல் போகும் ஆபத்து மிகுதி என்பதால் வட்டியும் மிகுதி. 2010 ஏப்ரலில் கிரேக்க நாட்டின் கடன்பத்திரங்கள் இந்தக் கோட்டுக்குக் கீழே தள்ளப்பட்டபோது உலக நாளிதழ்கள் பலவும் இச்சொல்லைத் தலைப்பில் வைத்தன. விற்பவர்களோ இச்சொல்லைத் தப்பித்தவறியும் சொல்வதில்லை. ‘ஹை யீல்ட்’, அதாவது மிகுவருவாய்ப் பத்திரம் என்பார்கள். ஒரே தாளுக்கு வாங்குபவரின் அச்சம் ஒரு பெயரும் விற்பவரின் ஆசை ஒரு பெயரும் சூட்டியிருக்கின்றன. 1980களில் இத்தகைய பத்திரங்களுக்குப் பெருஞ்சந்தையை உருவாக்கியவர் மைக்கேல் மில்கன். அவர் பணியாற்றிய டிரெக்செல் பர்ன்ஹாம் லாம்பர்ட் நிறுவனம் 1990இல் திவாலாயிற்று. பெயரில் ‘ஜங்க்’ இருப்பதால் இவை வெற்றுத்தாள் என்று எண்ணிவிடக்கூடாது. பெரும்பாலானவை முதலையும் வட்டியையும் ஒழுங்காகத் திருப்பித் தருபவையே. ‘குப்பைப் பத்திரம்’ என்று தமிழில் எழுதும்போது இந்த நுட்பம் போய்விடுகிறது.

போதைப்பொருளுக்கு, சிறப்பாக ஹெராயினுக்கு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘ஜங்க்’ என்ற கொச்சைப்பெயர் அமெரிக்காவில் ஏற்பட்டது. அதற்கு அடிமையானவர் ‘ஜங்கி’. இன்று எதன்மீதும் தீராத பித்துக் கொண்டவரை, எடுத்துக்காட்டாக ஓயாமல் செய்தி பார்ப்பவரை, ‘நியூஸ் ஜங்கி’ என்று விளையாட்டாகச் சொல்கிறார்கள்.

பிரென்னரின் வேறுபாடு

இச்சொல்லைப் பற்றி மிகத் தெளிவாகச் சிந்தித்தவர்கள் மொழியறிஞர்கள் அல்லர், உயிரியலாளர்கள். மனித மரபணுத்தொகுதியில் ஏறத்தாழ 300 கோடி எழுத்து இணைகள் உள்ளன. அவற்றில் புரதம் செய்வதற்கான குறிப்பைத் தாங்கியிருப்பவை 2 விழுக்காட்டுக்கும் குறைவு. மீதி எதற்கு? 1972இல் சுசுமு ஓனோ என்ற மரபியலாளர் அப்பெரும்பகுதியை ‘ஜங்க் டிஎன்ஏ’ என்று எழுதினார்; அப்பெயர் நிலைத்துவிட்டது. பரிணாமத்தில் ஒரு காலத்தில் வேலை செய்து பின்னர் பழுதாகிப்போன மரபணுக்களின் எச்சங்கள் அங்கே கிடக்கின்றன என்பது அவர் கருத்தின் சாரம். பொதுமக்களோ ‘ஜங்க்’ என்றதும் ‘இயற்கை குப்பையைச் சுமக்குமா?’ என்று கேட்டார்கள். 2012இல் என்கோடு என்ற பெரும் ஆய்வுத்திட்டம், தொகுதியின் 80 விழுக்காட்டில் ஏதோ ஓர் உயிர்வேதிச் செயல் காணப்படுவதாக அறிவித்தபோது, ‘ஜங்க் டிஎன்ஏ ஒழிந்தது’ என்று செய்திகள் வந்தன. ஓர் இடத்தில் ஒரு மூலக்கூறு வந்து ஒட்டுகிறது என்பதாலேயே அந்த இடம் உடலுக்கு உதவுகிறது என்றாகிவிடாது என்று பல உயிரியலாளர்கள் மறுத்தார்கள்.

இந்த வழக்கில் சிட்னி பிரென்னர் தந்த விளக்கம்தான் இக்கட்டுரைக்கு வேண்டியது. 2002இல் நோபெல் பரிசு பெற்ற அந்த உயிரியலாளர், வேண்டாதவை இரண்டு வகை என்றார். எறிந்துவிடுவது ‘கார்பேஜ்’, வைத்துக்கொள்வது ‘ஜங்க்’. மரபணுத்தொகுதியில் இருக்கும் மிகுதி இரண்டாவது வகை: உதவுவதும் இல்லை, கெடுப்பதும் இல்லை, ஆகவே அகற்றப்படாமல் தலைமுறை தலைமுறையாகக் கூடவே வருகிறது. கெடுக்கத் தொடங்கினால் அன்றே இயற்கைத் தேர்வு அதை அகற்றத் தொடங்கும். அப்போது அது ‘கார்பேஜ்’. இழுப்பறையில் கிடக்கும் சாவியும் அதே கணக்கில்தான் அங்கே இருக்கிறது. இடம் போதாமல் போகும் நாளில்தான் அதற்குத் தீர்ப்பு.

எறிய விரும்பினாலும் எறிய முடியாமல் கைவசம் தங்கிவிட்டவையும் உண்டு. ‘ஸ்பேஸ் ஜங்க்’ அப்படிப்பட்டது. 1958 மார்ச் 17 அன்று அமெரிக்கா ஏவிய வான்கார்டு 1 என்ற செயற்கைக்கோள் ஒன்றரைக் கிலோவுக்கும் குறைந்த எடையுள்ள சிறு உருண்டை. 1964இல் அதன் சமிக்ஞை நின்றது. உருண்டை நிற்கவில்லை, இன்றும் பூமியைச் சுற்றுகிறது. அங்கே ‘பயனற்றது’ என்பதற்கு ‘தீங்கற்றது’ என்று பொருளில்லை. தாழ்ந்த சுற்றுப்பாதையில் பொருள்கள் நொடிக்கு 7 முதல் 8 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகின்றன. 1983இல் சேலஞ்சர் விண்ணோடத்தின் சன்னல் கண்ணாடியில் பள்ளம் பறித்தது உதிர்ந்த வண்ணப்பூச்சின் ஒரு துணுக்கு. ஏற்கெனவே செயலிழந்திருந்த உருசியச் செயற்கைக்கோளான காஸ்மாஸ் 2251, இயங்கிக்கொண்டிருந்த இரிடியம் 33 என்ற செயற்கைக்கோள்மீது 2009 பிப்ரவரியில் மோதி இரண்டும் சிதறின. இதைத் தமிழில் ‘விண்வெளிக் குப்பை’ என்கிறோம். வழக்கூன்றிவிட்ட தொடர் என்பதால் அதை மாற்றவேண்டியதில்லை.

கடைசியாக, இச்சொல் தன் தொடக்கத்துக்கே திரும்பிப்போன ஓர் இடம். 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் என்ற துளைமேடை வெடித்து 11 பேர் இறந்தார்கள். கடலடியில், ஏறத்தாழ 1,500 மீட்டர் ஆழத்தில், எண்ணெய்க்கிணற்றின் வாய் திறந்துகொண்டு எண்ணெய் கடலில் கலந்தது. மே மாத இறுதியில் பொறியாளர்கள் மேற்கொண்ட முயற்சிகளுள் ஒன்றுக்கு ‘ஜங்க் ஷாட்’ என்று பெயர். கிணற்றின் தலைப்பிலிருந்த அடைப்புக்கருவிக்குள், கசிவு வழிகள் அடைபடட்டும் என்று கண்ட கண்ட பொருள்களை அழுத்தத்தோடு செலுத்தினார்கள். கிழிந்த டயர்த் துண்டுகள், கோல்ஃப் பந்துகள், அவற்றோடு முடிச்சிட்ட கயிறு. முயற்சி பலிக்கவில்லை, எண்ணெய் ஜூலை 15 அன்று வேறு மூடியால்தான் நின்றது. ஆனால் இடுக்கில் திணித்து ஒழுக்கை அடைக்கக் கயிற்றைக் கொண்டுபோன அந்த வேலையை, பலகைக் கப்பலின் மாலுமி எவரும் பார்த்தவுடன் அறிந்துகொண்டிருப்பார். அதன் பெயரையும் அவர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்திருக்காது.